மலைப்பாதையில் ஓடுவதற்குக் கெண்டைக்காலையும் பாதத்தையும் எப்படி வலுப்படுத்துவது?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் முக்கால்வாசி, "ஷூவைக் கழற்றிவிட்டு மண்ணில் நடங்கள், நம் முன்னோர் ஷூவா போட்டார்கள்?" என்கிற ரகம். அதைப் படித்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். தார்ச்சாலையில் பத்து கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுவீர்கள். நண்பர் யாரோ சொன்னார் என்று மலை ஓட்டம் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஓடிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றும்போது குதிகாலுக்கு மேலே விறைத்துக்கொண்டது. சரிதானே?

நான் சேலத்துக்காரி. எங்களுக்கு மலை என்றால் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுள்ள சாலையை விட்டுவிட்டு, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைகளில் ஓடுவோம். சமதளத்தில் என்னோடு வருகிற ஆண்களில் பலரைப் பின்னால் விட்டுவிடுவேன். பெருமைதான், இருக்கட்டும். ஆனால் செங்குத்தான ஏற்றம் வந்தால் என் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, ஒருவர் வாழைப்பழம், இன்னொருவர் "வயசாகுதில்ல". அந்தக் கடைசி ஆளோடு இன்றும் அவ்வளவாகப் பேச்சு இல்லை.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். "அக்கா, ஒத்தக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, நான் எண்ணுறேன்" என்றார். நல்ல ஆரோக்கியமான காலுக்கு 25 தடவை வரவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வலது காலில் தட்டுத்தடுமாறி வந்தது. இடதில் பாதிகூட வரவில்லை. அரை மாரத்தான் பதக்கங்களை வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்! "சமதரையில ஓட இது போதும்க்கா, மேடு ஏறத்தான் போதாது" என்றார். அதற்கு முன்னால் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அவர் விளக்கியது இதுதான். கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். வெளியே உருண்டு தெரிவது முட்டிக்கு மேலேயே தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். அது முட்டிக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்துதான் அக்கிலீஸ் நாண் என்கிற கெட்டியான நாராகிக் குதிகால் எலும்பைப் பிடிக்கின்றன. முட்டி மடங்கினால் மேல் தசை தளர்ந்துவிடும், வேலையில் பெரும்பகுதி சோலியஸ் தலையில் விழும். ஓடும்போது அதன்மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். மேடு ஏறுகையில் முட்டி மடங்கியேதான் இருக்கும், குதிகால் பல இடங்களில் தரையைத் தொடவே தொடாது. அப்படியிருக்க ஜிம்மில் முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு மட்டும் குதிகால் தூக்கினால் பாதி வேலைதான் நடக்கும்.

ஆகவே இரண்டையும் செய்யுங்கள்: முட்டியை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை 3 நொடியில் தூக்கி, கொஞ்சம் நின்று, 3 நொடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். 12 தடவை சுலபமாக வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், எடையைக் கூட்டுங்கள். நான் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையோடு தொடங்கினேன். எடை இல்லாமல் நூறு தடவை ஆட்டிக்கொண்டிருப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தசை சில வாரங்களில் தெம்பாகிவிடும், நாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். 1998இல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன், அக்கிலீஸ் வலியால் ஓட முடியாத 15 பேருக்குக் கொடுத்த பயிற்சியே 12 வாரம், தினமும் 180 தடவை குதிகாலை இறக்குவது. அது வலி வந்தவர்களுக்கான மருந்து, உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அந்தப் பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கால் தெம்பான பிறகு ஸ்கிப்பிங் கயிறு, அப்புறம் ஒற்றைக்கால் குதிப்பு.

படி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், நான் காலையில் மாடிப்படியில் நின்று இதைச் செய்வது "மற்றவர்களுக்கு இடைஞ்சல்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதே படிக்கட்டில் அவர் வீட்டுச் செருப்பு அலமாரி, உடைந்த நாற்காலி, காலியான தண்ணீர் கேன்கள் எல்லாம் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. லிஃப்டுக்கென்று வாங்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்டால் பதில் இல்லை. சரி, விடுங்கள்.

பாதத்துக்கு வருகிறேன், வெறுங்கால் அன்பர்கள் சண்டைக்கு வருமுன். உள்ளங்காலில் நான்கு அடுக்காகத் தசைகள் இருக்கின்றன. வெறுங்காலில் நடந்தால் அவற்றுக்கு வேலை கிடைக்கும் என்பதை நான் மறுக்கவே இல்லை. வீட்டிலும் மாடியிலும் தாராளமாக நடங்கள். ஆனால் ஷூவிலேயே வளர்ந்த காலை ஒரே நாளில் கல் பாதையில் இறக்குவது வேறு. "வெள்ளியங்கிரியில் பக்தர்கள் வெறுங்காலில் ஏறவில்லையா?" என்று கேட்பீர்கள். ஏறுகிறார்கள், மூங்கில் கம்பை ஊன்றி, நின்று நின்று. யாரும் ஓடி இறங்குவதில்லை. விரல் விரலாகப் பிரிந்த ஷூ விற்ற விப்ரம் நிறுவனம், அதனால் பாதம் வலுவாகும் என்று விளம்பரம் செய்ததற்காகப் போடப்பட்ட வழக்கை 2014இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்வது எளிது. துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, அதே குதிகால் தூக்கல். பெருவிரல் மேலே வளையும்போது உள்ளங்கால் நார் இழுபட்டுப் பாத வளைவு உயரும், அந்த நிலையிலேயே பாரம் ஏறும். டென்மார்க்கில் குதிகால் வலிக்காரர்களுக்கு இப்படிச் செய்ய வைத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். பிறகு பெருவிரலை மட்டும் தூக்குவது, மற்ற நான்கை மட்டும் தூக்குவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், செய்து பாருங்கள், விரல் உங்கள் பேச்சைக் கேட்காது. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் சுளுக்காமல் இருக்கவும் அது நல்லது.

இப்போது அந்த ஏற்றத்தில் கால் பிடிப்பதில்லை. கெண்டைக்கால் தடித்துவிட்டது என்று நாத்தனார் வருத்தப்படுகிறார், அது அவர் கவலை.

நான் மருத்துவர் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறவள். குதிகால் எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே வலி இருந்தால் படிக்குக் கீழே குதிகாலை இறக்காதீர்கள், தரையிலேயே செய்யுங்கள். ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் தோன்றி, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையென்றால், நாண் அறுந்திருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.