பதினான்கு மாதமாக ‘பயிற்சி’: என் மகனுக்குச் சம்பளம் கேட்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. டவுன் சிண்ட்ரோம். யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் குறைபாடு 60 சதவீதம் என்று இருக்கிறது. அவன் படித்த சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சி மையம், எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட் ஒன்றில் ‘மூன்று மாதப் பயிற்சி’ என்று சேர்த்துவிட்டது. இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள், காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை வேலை. மாதம் 1,500 ரூபாய் ‘பஸ் செலவு’ என்று ஜிபேயில் வருகிறது. முதல் இரண்டு மாதம் மையத்திலிருந்து ஜாப் கோச் வந்து கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வரவில்லை. தயிர், பன்னீர், பிரெட் அடுக்குவது இவன் வேலை. தேதி பார்த்துப் பழையதை முன்னால் இழுத்து வைப்பான். புது சூப்பர்வைசர் வந்ததிலிருந்து அரிசி மூட்டை தூக்கச் சொல்கிறார். கடைக்கு வந்தவர்கள் முன்னால் ‘லூசு’ என்று கத்துகிறார். சம்பளம் பற்றிக் கேட்டேன். “அவன் டிரெய்னி, நாங்கள் செய்வது உதவி” என்றார்கள். சம்பளமோ விபத்து இழப்பீடோ கேட்க மாட்டேன் என்று ஒரு தாளில் என்னைக் கையெழுத்தும் போடச் சொல்கிறார்கள். ஏதாவது பேசினால் அவனை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. யூனிஃபார்மை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் அவன் தூங்கவே போகிறான். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மகன் 18 வயதைத் தாண்டியவர். அவர் சார்பில் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் அதிகாரம், தாய் என்ற ஒரே காரணத்தால் உங்களுக்கு இப்போது கிடையாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு நியமித்தால்தான் நீங்கள் சட்டப்பூர்வ பாதுகாவலர். அப்படி நியமனம் பெற்றிருந்தாலும் இந்தத் தாள் செல்லாது. சட்டப்படி வர வேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. விபத்து இழப்பீடு வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்வதும் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டக் காலத்திலிருந்தே செல்லாது. கையெழுத்துப் போட்டால் கடைக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. ஆனால் நாளைக்குக் கேட்கப் போகும்போது, “நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே” என்ற தயக்கம் உங்களை வாய் திறக்க விடாது. தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ‘டிரெய்னி’ என்கிறார்களே. டிரெய்னி என்று அழைத்தால் மட்டும் ஊதியச் சட்டத்திலிருந்து வெளியே போய்விட முடியாது. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்த அப்ரண்டிஸ்தான் ‘ஊழியர்’ என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறார். அவருக்கும் உதவித்தொகை கட்டாயம், வேலை நேரமும் விடுப்பும் உண்டு. உங்கள் மகனுக்கு அப்படி ஒரு பதிவு இருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இருக்காது என்றே நினைக்கிறேன்.

முதல் மூன்று மாதத்தில் ஜாப் கோச் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த காலம் வரைக்கும் அதைப் பயிற்சி என்று கடைக்காரர் வாதாடலாம், ஓரளவு எடுபடவும் செய்யும். கற்றுக்கொடுக்க ஆளே வராத பிறகு, ஒருவர் தினமும் எட்டு மணி நேரம் தயிரையும் பன்னீரையும் தேதி பார்த்து அடுக்குகிறார் என்றால், அது அந்தக் கடையின் வேலை. அவர் ஒரு நாள் வராவிட்டால் இன்னொருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்தாக வேண்டும். அந்த வேலைக்குக் கடைகள் மற்றும் நிறுவனங்களுக்கு மாநில அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியம், அகவிலைப்படியும் சேர்த்து, உண்டு. “மற்றவர்கள் செய்வதில் பாதிதான் செய்கிறான்” என்று முதலாளி தானாகவே கணக்குப் போட்டுக் குறைக்க முடியாது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. உதவி செய்கிறோம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகளின் உழைப்பை ஓசியில் வாங்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. பெற்றோரும் நன்றி சொல்லிவிட்டு வாய் மூடி நிற்கிறார்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ‘கேட்டால் நிறுத்திவிடுவார்களோ?’ தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். மீறினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் மகன் பதினான்கு மாதம் வேலை பார்த்திருக்கிறார். இது இருப்பதால் நிறுத்தவே மாட்டார்கள் என்று நான் உறுதி தர முடியாது. நிறுத்தினால் கேட்க வழி இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

எடுத்தவுடன் வழக்குக்குப் போக வேண்டாம். முதலில் ஆதாரம் சேருங்கள். ஜிபேயில் 1,500 வந்த பதிவுகள், யூனிஃபார்ம் போட்ட படம், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள், கைரேகை வருகைப் பதிவு இருந்தால் அதுவும் இருக்கிறது என்ற குறிப்பு, மையம் கொடுத்த சேர்க்கைக் கடிதம். கூலி கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. உங்கள் மகன் அங்கே வேலை செய்தார் என்பதைக் காட்டுவதுதான் உங்கள் பங்கு.

பிறகு மையத்துக்குப் போங்கள். அவர்கள்தான் இதில் நழுவப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சேர்த்துவிட்டதோடு அவர்கள் கடமை முடிந்துவிடவில்லை. வாரம் ஒரு தடவையாவது ஜாப் கோச் வர வேண்டும், மையமும் கடையும் உங்கள் மகனும் மூவருமாக ஒரு தாளில் வேலை, நேரம், சம்பளம் மூன்றையும் எழுத வேண்டும் என்று கேளுங்கள். எட்டு மணி நேரம் அவருக்கு அதிகம் என்றால் நாலரை மணி நேர வேலையாக எழுதி, அதற்குரிய சம்பளம் வாங்கலாம். அதில் தவறில்லை. மகனே கையெழுத்திடலாம். டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். புரியும்படி எளிதாகச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். இந்த ஒரு வேலைக்காகப் பாதுகாவலர் மனு போட வேண்டியதில்லை.

கடைக்குக் கடிதம் இப்படி எழுதுங்கள்: “என் மகன் இன்ன தேதியிலிருந்து உங்கள் கடையில் வேலை செய்கிறார். மூன்று மாதப் பயிற்சி இன்ன தேதியில் முடிந்தது. அந்தத் தேதியிலிருந்து குறைந்தபட்ச ஊதியமும், இனி இஎஸ்ஐ (ஊழியர் அரசுக் காப்பீடு) பதிவும் தருமாறு கேட்கிறேன். அடுக்கும் வேலையிலேயே அவரைத் தொடர விடவும்.” இதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு இஎஸ்ஐ சம்பள வரம்பு மற்றவர்களைவிட அதிகம், 25,000 ரூபாய்.

அடுக்கும் வேலை பற்றி ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதற்கு இடம் தருகிறது. ஒருவர் மற்றவர்களோடு சமமாக வேலை செய்ய, அளவுக்கு மீறிய சுமை இல்லாத மாற்றங்களைச் செய்து தர வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும் என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உங்கள் மகனுக்கு என்ன வேண்டியிருக்கும்? அலமாரியில் ஒட்டிய ஒரு படச் சீட்டு, உத்தரவு சொல்ல ஒரே ஆள், நடுவில் உட்கார ஒரு நாற்காலி. நாற்காலி என்பது சலுகையே இல்லை, 2021 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாக் கடை ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும்.

‘லூசு’ என்று வாடிக்கையாளர் முன்னால் கத்துவது தனி விஷயம். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுப் பார்வையில் மாற்றுத்திறனாளியை அவமதிப்பது அதே சட்டத்தின் 92-ஆவது பிரிவில் குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. முதலில் கடை உரிமையாளருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். அது நிற்கவில்லை என்றால் போலீஸ்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் திருச்சியிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஊதியக் கோரிக்கை மனு. பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கேட்க முடியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்று ஆண்டு கால அவகாசம் தருகிறது. பழைய சட்டத்தில் ஆறு மாதம்தான். அந்தத் தேதிக்கு முந்தைய மாதங்கள் பற்றி எதிர்த்தரப்பு பழைய சட்டத்தை வைத்து வாதாடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் தரலாம். அவர் சொல்வது பரிந்துரைதான், நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் அவர் அனுப்பும் நோட்டீஸுக்குக் கடைகள் பதில் சொல்லத்தான் செய்கின்றன.

வக்கீல் செலவு பற்றிக் கவலை வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

கடை உரிமையாளரைப் பார்க்கப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். எந்தப் பாக்கெட் முன்னால், எது பின்னால், ஏன் என்று அவரே சொல்லட்டும்.