கட்டம் வருகிறது, கறுப்பு நிரம்பவில்லை: லேபிள் பிரிண்டர் சந்தேகம்

கேள்வி: கடையில் விலை லேபிள் அடிக்க 203 டிபிஐ ஜீப்ரா பிரிண்டர் வைத்திருக்கிறேன். லேபிள் 50 மி.மீ. அகலம், 25 மி.மீ. உயரம். மேலே கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளை எழுத்தில் விலை வரவேண்டும். கட்டம் வரையும் கட்டளையை ^ஜிபி400,60,3 என்று கொடுத்தால் வெறும் கட்டம்தான் விழுகிறது. 3-ஐ 400 ஆக்கிப் பார்த்தேன். லேபிள் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: ஜீப்ரா பிரிண்டர்களின் கட்டளை மொழியான இசட்பிஎல்லில் கட்டத்தை நிரப்பத் தனிக் கட்டளை கிடையாது. ஜிபி-க்குப் பின் வரும் மூன்று எண்களும் முறையே அகலம், உயரம், கோட்டின் தடிமன். எல்லாமே புள்ளிக் கணக்கு. உங்கள் பிரிண்டரில் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. தடிமனைக் கூட்டினால் கோடு உள்பக்கமாகத்தான் வளரும். உள்ளே வெள்ளைக்கு இடமே இல்லை என்றால் கட்டம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் லேபிள் முழுக்கக் கறுத்தது? அகலமோ உயரமோ தடிமனைவிடக் குறைவாக இருந்தால், பிரிண்டர் அதைத் தடிமன் அளவுக்கு உயர்த்திக்கொள்ளும். உங்கள் 60 சத்தமில்லாமல் 400 ஆகிவிட்டது. அதாவது 50 மி.மீ. சதுரம், 25 மி.மீ. லேபிளில் வேறென்ன தெரியும்? தப்பு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது, அதுதான் எரிச்சல். தடிமனாக எப்போதும் சின்னப் பக்கத்தின் அளவையே கொடுங்கள்:

^எஃப்ஓ0,0^ஜிபி400,60,60^எஃப்எஸ்
^எஃப்ஓ20,12^எஃப்ஆர்^ஏ0என்,36,36^எஃப்டிஎம்ஆர்பி 250^எஃப்எஸ்

(டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். எஃப்ஓ தொடங்கும் இடம், ஏ0 எழுத்துரு, எஃப்டி அச்சாக வேண்டிய எழுத்து, எஃப்எஸ் அதன் முடிவு.) இரண்டாம் வரியில் உள்ள எஃப்ஆர் இல்லாவிட்டால் கறுப்பின்மேல் கறுப்பு எழுத்து, ஒன்றும் தெரியாது. அடியில் கறுப்பு இருக்கும் இடத்தில் எழுத்தை வெள்ளையாகத் திருப்பிப் போடுவது அதுதான். அந்த ஒரு புலத்துக்கு (எஃப்ஓ முதல் எஃப்எஸ் வரை உள்ள பகுதி) மட்டுமே செல்லும். விலைக்குக் கீழே இன்னொரு வரி வந்தால் அதற்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். பட்டை முதலில், எழுத்து பிறகு என்ற வரிசையையும் மாற்றாதீர்கள்.

வட்டத்துக்கு ஜிசி: விட்டம், தடிமன். தடிமன் விட்டத்தில் பாதியைத் தொட்டாலே வட்டம் நிரம்பிவிடும். கட்டத்தின் மூலைகளை உருட்ட, ஜிபி-யின் ஐந்தாவது எண்ணாக 1 முதல் 8 வரை கொடுக்கலாம். நான்காவது, நிறம்: பி என்றால் கறுப்பு, டபிள்யூ என்றால் வெள்ளை. சாம்பல் நிறம் கேட்காதீர்கள். தெர்மல் தலை ஒரு புள்ளியைச் சுடும் அல்லது சுடாது, இடைநிலை இல்லை.

பட்டையில் வெள்ளை எழுத்தின் ஓரங்கள் அடைத்துக்கொண்டால் டார்க்னெஸை (அச்சின் கருமை அளவு) கொஞ்சம் குறையுங்கள், எழுத்தைச் சற்றுத் தடிமனாக்குங்கள். பட்டை திட்டுத்திட்டாக வந்தால் ^பிஆர் மூலம் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதே லேபிளில் கோட் 128 பார்கோடு இருந்தால், அதன் மெல்லிய கோட்டைப்போல் 10 மடங்கு வெற்றிடம் இடமும் வலமும் விடுங்கள். கட்டத்தின் கோடு அந்த இடத்துக்குள் வந்தால் ஸ்கேனர் படிக்கத் திணறும்.