ஐந்து நாளாகச் சாப்பிடாத பியர்டட் டிராகன்

வணக்கம். பியர்டட் டிராகன் பல்லி, ஏழு மாதக் குட்டி, ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை, ஜெயநகர் வீட்டில் ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் வெயில் படத்தான் வைத்திருக்கிறோம், மகள் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. எனக்குச் சந்தேகம் குளிரின் மேல்தான். இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிராணி. பெங்களூரில் டிசம்பர் இரவு 16 டிகிரிக்கு இறங்கிவிடும். உடம்பு சூடேறாவிட்டால் தின்றது செரிக்காது, அதனால் பசியும் எடுக்காது.

ஜன்னல் வெயிலை நம்பாதீர்கள். வெயிலில் இருக்கும் யூவி-பி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியமும் எலும்பில் சேராது. தொட்டியின் ஒரு முனையில் சூட்டு பல்ப் போட்டு, அது படுக்கும் கல்லின் மேல் 40 டிகிரி வருகிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். மறுமுனை 26 அளவில் இருக்கட்டும். அப்புறம் நீளமான யூவி-பி குழல் விளக்கு, பகலில் 12 மணி நேரம். சூடு சரியாகும்வரை பூச்சியை வாயில் திணிக்கவே வேண்டாம்.

கால் நடுங்கினாலோ தாடை மெத்தென்று இருந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். மகள் அதைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், அதன் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கல்லின் மேல் எத்தனை டிகிரி வந்தது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.