இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் பித்தோன் தே நேஜ் எரிமலையைச் சுற்றியுள்ள மூன்று பெரும் பள்ளங்களும் எரிமலை வாய்களா?

இல்லை. மேப்பில் பார்த்துவிட்டு நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். சிலாவோஸ், சலாசி, மஃபாத் மூன்றுமே மலை இடிந்து சரிந்தும் மழைநீர் அரித்தும் உண்டான பள்ளங்கள். இடிந்தது எவ்வளவு, அரித்தது எவ்வளவு என்ற வாதம் தனி.

மழையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இதே தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. கொட்டியது. ஓர் ஆள் முங்கும் அளவு! உலக சாதனை அது.

சரி, மலை எப்படி வந்தது? பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை ஓரிடத்தில் மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதன் மேல் நிலத்தட்டு நகர்கிறது. தையல் மெஷினில் ஊசி நின்ற இடத்திலேயே குத்த, துணி மட்டும் நகருமே, அப்படி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்துக் கரும்பாறைகளைக் கொட்டியதும் இதே ஊற்றுதான் என்கிறார்கள். பிறகு மாலத்தீவின் அடித்தளம், மொரீஷியஸ், கடைசியில் ரீயூனியன். கடலடியில் சுமார் 4,000 மீட்டர் லாவா அடுக்கடுக்காகக் குவிந்த பிறகுதான் தலையே வெளியில் தெரிந்தது. நாம் பார்க்கும் 3,070 மீட்டர் அதற்கு மேல் உள்ளது மட்டும்.

சிலாவோஸிலிருந்து ஏறும்போது பாதையோரம் வெட்டுப்பட்ட பாறையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாம்பல் நிற லாவா அடுக்கு, அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. எரிமலை இரண்டு முறை கக்கியதற்கு நடுவே உண்டான மண் அது. அடுத்து வந்த லாவா அதைச் சுட்டுவிட்டது. நகத்தால் சுரண்டினேன், செந்தூள் உதிர்ந்தது. கீழே ஓடையில் கிடக்கும் கருங்கற்களில் உடைத்த பாசிப்பயறு மாதிரி பச்சை மணிகள் தெரியும், அவை ஒலிவின் என்ற கனிமம். உச்சியைவிட எனக்கு இதுதான் பிடித்தது. (உச்சியில் மேகம், எதுவும் தெரியவில்லை.)

இந்த மலை கடைசியாகக் கக்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அடிக்கடி செய்தியில் வருவது தீவின் தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற வேறோர் எரிமலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் அடியில் சூடு இன்னும் அடங்கவில்லை. சிலாவோஸில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. இறங்கி வந்த அன்று மாலை என் இரண்டு முட்டிகளையும் அதில்தான் ஊறப்போட்டேன்.