மூன்று பாக்கெட் மஞ்சள் தக்காளி, எந்த விதையைத் தொடர்வது?

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சிறிய செம்மண் தோட்டம் இருக்கிறது. 'யெல்லோ பிராண்டிவைன்' என்ற மஞ்சள் பாரம்பரியத் தக்காளியின் விதை மூன்று வழியாகக் கிடைத்தது. ஒன்று விதைத் திருவிழாவில் வாங்கியது, இன்னொன்று இணையத்தில் வாங்கிய பாக்கெட், மூன்றாவது நண்பர் கொடுத்தது. அதன் மேல் 'பிளாட்ஃபுட்' என்று எழுதியிருந்தது. போன தை மாதம் நாற்று நட்டேன். திருவிழா விதை மொட்டை மாடித் தொட்டியில், மற்ற இரண்டும் தோட்டத்தில். தொட்டிச் செடிகளில் ஒன்று சிவப்பாகக் காய்த்தது. இணைய விதை பூவாகவே உதிர்த்தது. பிளாட்ஃபுட்டில் நாலு பழம் நன்றாக வந்தது. அப்படியானால் பிளாட்ஃபுட்தானே சிறந்தது? அதையே விதைக்கு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் சிறந்தது என்ற முடிவுக்கு இப்போதே வராதீர்கள். ஒன்று தொட்டி மண்ணில், இரண்டு செம்மண்ணில், அதுவும் தை நடவு. இதில் விதையின் குணம் எவ்வளவு, வெயிலின் வேலை எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் பெயர் விஷயம். யெல்லோ பிராண்டிவைன் ஒரு ரகம். 1991இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து விதைச் சேமிப்பாளர் ஒருவர் வழியாக வெளியே பரவியது. அதன் பிறகு பல கைகளில் பல வருடம் விதை எடுக்கப்பட்டது. ஒருவர் பெரிய பழமாகப் பார்த்து எடுத்திருப்பார், இன்னொருவர் கோணல் இல்லாததை எடுத்திருப்பார். இப்படி ஒரே ரகத்துக்குள் கிளை பிரிந்து வருவதை விதைவழி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்ஃபுட் அப்படி ஒரு விதைவழி. பழம் வழவழப்பாக, தழும்பு குறைவாக வரும், காய்ப்பும் கூடுதல் என்பது அதற்கு வளர்ப்பவர்களிடம் உள்ள பெயர். ஆனால் அது குளிர்ந்த இரவுகள் உள்ள ஊரில் வாங்கிய பெயர். நம் ஊர்ப் பங்குனியில் அது செல்லுமா என்பது வேறு கேள்வி.

பூ உதிர்ந்ததற்கு வருவோம். தக்காளிக்குப் பகல் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் மகரந்தம் கெட்டுப்போகும். கெடுவது பூ விரிந்த பிறகு அல்ல. விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மொட்டுக்குள் நடந்துவிடும். தையில் நட்ட செடி மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் பூக்கிறது. மதுரை இரவு அப்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய பழம் காய்க்கும் ரகங்களுக்கு இந்தச் சூட்டைத் தாங்கும் தெம்பு பொதுவாகக் குறைவு. அதனால் உதிர்த்த விதைவழியை இன்னும் தள்ளிவிடாதீர்கள். அது பூத்த வாரம் மோசமான வாரமாக இருந்திருக்கலாம்.

அடுத்த முறை ஐப்பசி நடுவில் குழித்தட்டில் விதை போடுங்கள். மேலே மழை மறைப்பு அவசியம், இல்லாவிட்டால் நாற்றழுகல் பாதியைக் கொண்டுபோகும். 25 நாள் நாற்றைக் கார்த்திகையில் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். மார்கழி, தை இரவுகளில் பூ வரும், முதல் பழம் மாசியில் கையில் இருக்கும். இந்த ரகம் நட்டதிலிருந்து பழத்துக்கு 80, 90 நாள் எடுக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது. கொடிபோல உயர்ந்துகொண்டே போவதால் குச்சி ஊன்றிக் கட்டவும் வேண்டும்.

இப்போது அந்தச் சிவப்புப் பழம். இதுதான் எனக்கு உங்கள் கடிதத்திலேயே சுவையான பகுதி. தக்காளியில் மஞ்சள் சதை என்பது சிவப்பு நிறமி உருவாகும் வழியில் ஒரு மரபணு வேலை செய்யாமல் போவதால் வருவது. செடிக்குள் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் பழம் மஞ்சளாகும். ஒன்று நல்லதாக இருந்தாலும் சிவப்புதான். ஆக, மஞ்சள் பழத்திலிருந்து எடுத்த விதையில் ஒரு செடி சிவப்பாகக் காய்த்தால், தாய்ச்செடியின் பூவில் பக்கத்துச் சிவப்புத் தக்காளியின் மகரந்தம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் ரகத்தில் இந்தக் கலப்பு அடுத்த தலைமுறையிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். சிவப்பு ரகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

பழம் வரும்வரை காத்திருக்கக்கூடத் தேவையில்லை. யெல்லோ பிராண்டிவைனின் இலை ஓரத்தில் பல் வெட்டு இருக்காது. உருளைக்கிழங்குச் செடியின் இலைபோல அகலமாக, வழவழவென்று இருக்கும். அந்தக் குணமும் மஞ்சள் நிறத்தைப் போலவே இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். நாற்றங்காலில், முளைக்கும்போது வரும் விதையிலைக்குப் பிறகு நாலைந்து உண்மை இலை வந்ததும் குனிந்து பாருங்கள். வழக்கமான வெட்டு இலையோடு ஒரு நாற்று நின்றால் அது கலப்பு, அல்லது வேறு விதை. அங்கேயே பிடுங்கிவிடலாம். எந்தப் பாக்கெட்டில் எத்தனை நாற்று அப்படி வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், விதை கொடுத்தவர் எவ்வளவு கவனமாக எடுத்தார் என்பதும் தெரிந்துவிடும். இலை உருளைக்கிழங்கு மாதிரியே இருந்து பழம் மட்டும் சிவந்திருந்தால், பாக்கெட்டில் இளஞ்சிவப்புப் பிராண்டிவைன் விதை கலந்துபோயிருக்கவும் வாய்ப்புண்டு. அதற்கும் இதே இலைதான்.

சரி, ஒப்பிடுவது எப்படி? ஒவ்வொரு விதைவழியிலும் எட்டுச் செடியாவது வேண்டும். ஒரே நாளில் விதை, ஒரே நாளில் நடவு, ஒரே சொட்டுநீர்க் குழாய். மூன்றையும் தனித்தனி வரிசையாக வைக்காதீர்கள். வாய்க்கால் ஓர வரிசைக்கு ஈரம் கூடும், வேப்பமர நிழல் வரிசைக்கு வெயில் குறையும், பலனை விதையின் கணக்கில் எழுதிவிடுவோம். கலந்து நடுங்கள். கூடவே ஆறு செடி பி.கே.எம்.1 வையுங்கள். பெரியகுளத்தில் 'அன்னஞ்சி' என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கிய ரகம் அது, நம் மண்ணுக்குப் பழகியது. அதுவே அந்த வருடம் காய்க்கவில்லை என்றால், மஞ்சளைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

கலந்து நட்டால் பெயர்ச்சீட்டு முக்கியம். ஒரு வருடம் நான் மார்க்கர் பேனாவில் எழுதி வைத்து, மழையும் வெயிலும் சேர்ந்து அத்தனையையும் அழித்துவிட்டன. நாலு விதைவழி ஒரே விதைவழி ஆனது. பென்சிலில் எழுதுங்கள், அழியாது. தோட்ட வரைபடம் ஒன்று வீட்டு நோட்டிலும் இருக்கட்டும்.

குறிக்க வேண்டியது அதிகமில்லை. முதல் ஐந்து பூங்கொத்தில் எத்தனை பூ, அதில் எத்தனை பிஞ்சு நின்றது என்பதுதான் மதுரைக்கு முதல் கணக்கு. பிறகு விற்கும் தரத்தில் உள்ள பழத்தின் எடை. அடிப்பக்கம் தழும்பேறிக் கோணலான பழங்களைத் தனியாக எண்ணுங்கள், பிளாட்ஃபுட்டுக்கு உள்ள பெயர் உண்மையா என்பது அங்கேதான் தெரியும். அடி கறுத்து அழுகுவதை மட்டும் விதையின் குறையாக எழுத வேண்டாம். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பாய்ச்சல் என்று தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. இலைச்சுருள் நோயும் அப்படித்தான், அதைப் பரப்பும் வெள்ளை ஈ எந்தச் செடியில் முதலில் உட்கார்ந்தது என்பதே பாதி விஷயம். வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டால் ஈயின் வரத்துக் குறையும்.

ருசிக்கு, ஒரே அளவு பழுத்த பழங்களை அறுத்துக் கிண்ணத்துக்கு எண் போட்டு, எது எதென்று சொல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள். மஞ்சள் தக்காளியில் புளிப்பே இல்லை என்று சொல்வார்கள். புளிப்பு இருக்கிறது, இனிப்பு அதை மறைக்கிறது. ரசத்துக்கு வைத்தால் என் வீட்டில் இன்னும் கொஞ்சம் புளி கரைக்கச் சொல்கிறார்கள்.

விதைக்கு ஒரு செடியை நம்பாமல், நன்றாகக் காய்த்த நாலைந்து செடிகளிலிருந்து எடுங்கள். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் தக்காளிப் பூவை உலுக்கி மகரந்தம் எடுப்பவை. வெயில் காலத்தில் மகரந்தத்தை வாங்கும் சூலகமுடி வெளியே நீட்டிக்கொள்வதால் கலப்பு இன்னும் எளிது. மூன்று விதைவழியும் மஞ்சள் என்பதால் தங்களுக்குள் கலந்தால் நிறமும் காட்டாது, இலையும் காட்டாது. ஆகவே மொட்டு விரியுமுன் வலைத்துணிப் பை கட்டிவிடுங்கள், வளைகாப்பில் பரிசு போட்டுத் தருவார்களே, அந்தப் பையே போதும். காய் பிடித்ததும் பையை எடுத்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பழச்சாற்றோடு விதையை நம் சூட்டுக்கு ஒன்றரை நாள் ஊறவிட்டால் வழவழப்புக் கழன்றுவிடும். மூன்று நாள் விட்டால் பாத்திரத்திலேயே முளைக்க ஆரம்பிக்கும். கழுவி நிழலில் காயவையுங்கள்.

அந்தச் சிவப்புப் பழத்தின் விதை இருந்தால் எறிய வேண்டாம். கலப்பால் வந்த சிவப்பு என்றால், அதை நட்டால் ஏறக்குறைய நாலில் ஒன்று மறுபடி மஞ்சளாக வரும். அதில் உள்ளூர்த் தக்காளியின் சூடு தாங்கும் குணத்தோடு ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அதன் மேல் பிராண்டிவைன் என்று எழுதி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.