படமும் பதிலும்: பேச்சு கேட்காத ரி.வி., இரு பக்கக் கறுப்பு, அமிர்தகழிக்காரரின் 'வீடு'

கொட்டுக்காளி பார்த்தோம். பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. சனங்கள் கதைக்கிறதும் சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் ஓட்டோ இரைச்சல் காதைப் பிளக்குது. எல்லாரும் புகழ்கிற படம் எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகி, ஆரையம்பதி

இதே முறைப்பாடு வேறு பல கடிதங்களிலும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். படத்தில் பிழையில்லை. உங்கள் ரி.வி.யும் பழுதில்லை. தியேட்டருக்கென்று செய்த ஒலி பெரும்பாலும் ஆறு தடங்களில் இருக்கும்: முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. பேச்சின் பெரும்பகுதி நடுத் தடத்தில்தான் வரும். வீட்டு ரி.வி.க்கு இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். ஆறையும் இரண்டுக்குள் திணித்தால் பேச்சும் ஓட்டோவும் காற்றும் ஒரே இடத்திலிருந்து முட்டிமோதி வெளிவரும். அதில் மெல்லிய பேச்சு தோற்றுப்போகும்.

முதலில், படம் பார்க்கும் செயலியில் ஒலித் தெரிவைத் திறந்து பாருங்கள். 'தமிழ் 5.1' (மேலே சொன்ன ஆறு தடம்) என்றும் வெறுமனே 'தமிழ்' என்றும் இரண்டு இருந்தால் 5.1 இல்லாததை எடுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால் ரி.வி.யின் சவுண்ட் செட்டிங்ஸில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பி.சி.எம்.' (சுருக்காத சாதாரண ஒலி) ஆக்குங்கள். சவுண்ட் பார் பூட்டியிருப்பவர்களுக்கு இது முக்கியம். 'கிளியர் வொய்ஸ்', 'நைட் மோட்' போன்ற பெயரில் ஏதாவது இருந்தால் அதையும் போடுங்கள். உரத்த சத்தத்தை அடக்கி மெல்லியதைத் தூக்கும் வேலையை அது செய்யும். கணினியில் வி.எல்.சி. என்ற படம் ஓட்டும் மென்பொருளில் பார்ப்பவர்கள் 'எஃபெக்ட்ஸ்' பகுதியில் 'கொம்பிரசர்' என்பதைச் சரி போட்டால் இதே பலன்.

இவ்வளவு செய்தும் விளங்கவில்லையென்றால் கோளாறு அறையில். இப்போதைய மெல்லிய ரி.வி.களின் ஸ்பீக்கர் பின்பக்கம் அல்லது கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும். அலுமாரிப் பொந்துக்குள் வைத்தால் பேச்சு குடத்துக்குள் கதைத்த மாதிரித்தான் வரும். வெளியே எடுத்து, சுவருக்கும் ரி.வி.க்கும் இடையில் ஐந்தாறு அங்குலம் விடுங்கள். மாபிள் பதித்த தரையும் வெறும் சீமெந்துச் சுவரும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி எறியும். தரையில் இரண்டு பன்பாயை விரித்து, ரி.வி.க்கு எதிர்ச் சுவரில் மொத்தமான திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். மேல் ஃபேனை ஒன்று குறையுங்கள். அந்த இரைச்சல்தான் மெல்லிய பேச்சை முதலில் விழுங்குகிறது.

இனிப் படம். ரொட்டர்டாமில் 2021இல் புலி விருது பெற்ற 'கூழாங்கல்'லுக்குப் பிறகு பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது இது. பின்னணி இசை வேண்டாமென்பது முடிவெடுத்துச் செய்தது. அன்னா பென்னின் மீனா ஏறத்தாழ வாய் திறப்பதேயில்லை; அவளைச் சுற்றி எல்லாரும் ஓயாமல் கதைக்கிறார்கள். இசை இருந்திருந்தால் எந்த இடத்தில் இரங்குவது, எந்த இடத்தில் பதறுவது என்று அது நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் சூரியின் பாண்டி கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கட்டிய தொண்டையால் அதட்டுகிறான். அந்தக் கரகரப்பைக் கேட்காதவர்களுக்குப் படம் பாதிதான் போய்ச் சேரும். ஓட்டோப் பயணத்தின் நடுவில் சில நிறுத்தங்கள் சொன்னதையே திரும்பச் சொல்கின்றன என்பது எங்கள் குறை. முடிவை நம் கையில் விட்டுப் போவதை மட்டும் குறையாகச் சொல்ல மாட்டோம். இந்தப் படத்துக்கு வேறு எந்த முடிவும் பொய்யாகப் போயிருக்கும்.

பேர்ஃபெக்ட் டேஸ் என்ற ஜப்பான் படத்தில் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்குது. ஸூம் பண்ணலாமா?
– வாசகர், கல்முனை

வேண்டாம். விம் வெண்டர்ஸ் அதை 4:3 என்ற பழைய அளவில்தான் எடுத்தார். 16:9 திரைக்கு இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். ஸூம் பண்ணினால் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும். தலைக்கு மேலே நிற்கும் மரங்கள்தான் முதலில் போகும். டோக்கியோவில் பொதுக் கழிவறை துப்புரவு செய்யும் அந்த மனிதர் நாள்தோறும் அண்ணாந்து பார்ப்பது அந்த மரங்களைத்தான். கோஜி யக்குஷோவுக்கு 2023இல் கான் விழாவின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கடைசியில் அவர் முகத்தை விட்டு நகராத நீண்ட காட்சியைப் பார்த்தால் ஏனென்று கேட்க மாட்டீர்கள். ரி.வி.யின் அஸ்பெக்ட் ரேஷியோவை 'ஒரிஜினல்' அல்லது 'ஓட்டோ'வில் விட்டுவிடுங்கள்.

புது 43 அங்குல ரி.வி. வாங்கினோம். மெய்யழகன் போட்டால் ரெலிட்ராமா மாதிரி இருக்குது. தியேட்டரில் பார்த்த படமே இல்லை இது.
– வாசகர், அக்கரைப்பற்று

உங்கள் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. சினிமா ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்), அதாவது 24 நிழற்படங்கள். ரி.வி. 60 தரம் புதுப்பிக்கிறது. இடைவெளியை நிரப்ப, இல்லாத சட்டங்களை ரி.வி. தானே கற்பனை செய்து செருகுகிறது. அதனால் அசைவு வழுக்கி, கலியாண வீட்டு வீடியோ போலாகிவிடுகிறது. பந்துவிளையாட்டுக்கு அது நல்லது, சினிமாவுக்குக் கேடு. சாம்சங்கில் 'ஓட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', எல்.ஜி.யில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர் இருக்கும். அதை ஓஃப் பண்ணுங்கள். கடையிலிருந்து வரும்போதிருக்கும் 'விவிட்' நிலையை மாற்றி 'சினிமா' அல்லது 'ஃபில்ம்மேக்கர் மோட்' போடுங்கள், நிறவெப்பம் 'வார்ம்', ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். இரண்டு மூன்று நாளில் பழைய நீலம்தான் பிழை என்று விளங்கும்.

மெய்யழகன் பெரும்பாலும் ஓர் இரவு, இரண்டு மனிதர், நீண்ட கதை. இருட்டுக்குள் இருக்கும் மஞ்சள் வெளிச்சம்தான் அதன் இதம். விவிட் நிலை அதைத்தான் முதலில் கெடுக்கிறது. படம் வெளிவந்து சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நீண்ட பேச்சே உடம்பான படத்தில் பேச்சை வெட்டினால் வேகம் கூடாது, சூடுதான் குறையும்.

டூரிஸ்ட் ஃபேமிலியில் நம்மட தமிழ் சரியாக வந்திருக்கா? வீட்டில் இரண்டு கட்சி.
– வாசகி, செங்கலடி

வந்திருப்பது வடக்கின் பேச்சு. நம்மட மட்டக்களப்புப் பேச்சைச் சென்னைப் படங்களில் நாங்கள் இன்னும் கேட்கவில்லை. அதை இயக்குநர் அபிஷன் ஜீவிந்தின் பிழையாகச் சொல்ல முடியாது. அவர் எடுத்த குடும்பம் அப்படி. கேட்க வேண்டியது சொல் சரியா என்பதை விட, வசனத்தின் இழுப்பு சரியா என்பதுதான். சொற்களைப் பாடமாக்கலாம். கேள்வி கேட்கும்போது குரல் எங்கே ஏறுகிறது, கோபத்தில் எந்த எழுத்து அழுந்துகிறது என்பவை காதால்தான் வரும். சசிகுமார் மெல்லக் கதைக்கும் இடங்களில் சரியாக நிற்கிறார். உணர்ச்சி கூடும் இடங்களில் தமிழ்நாட்டு ஓசை எட்டிப் பார்க்கிறது. சின்னப் பிள்ளையாக வரும் கமலேஷ் இலகுவாகத் தாண்டிவிடுகிறான். பேச்சை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் கதைக்குள்ளேயே இருப்பதால், இந்தப் படத்துக்கு இது சின்ன விசயம் இல்லை. படம் சனங்களை எல்லை மீறி நல்லவர்களாக்குகிறது என்பது உண்மை. ஆனாலும் பொருளாதார நெருக்கடியில் கடல் தாண்டிய ஒரு குடும்பத்தை அழுகைப் பொருளாக்காமல் காட்டியதற்கு அதை மன்னிக்கலாம்.

பிரசன்ன விதானகேயின் பாரடைஸ் எங்களுக்குக் கிடைத்தது. சப்டைட்டில் ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போகப் பிந்துது. எச் விசையை, ஜி விசையை அழுத்திப் பார்த்தும் மறுபடி விலகுது.
– வாசகர், கல்லடி

முதல் வரியிலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால்தான் அந்த விசைகள் உதவும். வி.எல்.சி.யில் ஜி முன்னுக்கு இழுக்கும், எச் பின்னுக்குத் தள்ளும். ஒரு அழுத்துக்கு 50 மில்லி செக்கன், அதாவது ஒரு செக்கனுக்கு இருபது அழுத்து. போகப் போக விலகுவது வேறு வருத்தம். சப்டைட்டில் கோப்பும் படக் கோப்பும் வெவ்வேறு சட்ட வேகத்துக்குச் செய்தவை. 23.976க்கும் 25க்கும் இடையிலென்றால் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் விலகும். 23.976க்கும் 24க்கும் என்றால் மணிக்கு மூன்றரை செக்கன்தான். எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தாலே எது காரணமென்று தெரிந்துவிடும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து சட்ட வேகத்தை மாற்றிச் சேமியுங்கள். தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கிறுக்கல் வந்தால் கோப்பின் குறியாக்கத்தை (என்கோடிங்) யூ.டி.எஃப்-8 ஆக்க வேண்டும்.

இந்தப் படத்துக்கு சப்டைட்டிலை மட்டும் நம்பாதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள். 2022 நெருக்கடிக் காலத்தில் இராமாயணத் தலங்களைப் பார்க்க வந்த கேரளத்துத் தம்பதிகளின் பொருள்கள் களவு போகின்றன. பொலிஸ் மலையகத் தமிழர்களைப் பிடிக்கிறது. யார் எந்த மொழியில் கதைக்கிறார்கள், யாருடைய பேச்சை மற்றவர் மொழிபெயர்க்கிறார் என்பதில்தான் படத்தின் அதிகாரமே ஓடுகிறது. கீழே ஓடும் எழுத்து எல்லா மொழியையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழுந்து விளங்கும் நம்மட ஆட்களுக்கு இந்தப் படத்தில் கிடைப்பது வெளிநாட்டுப் பார்வையாளருக்குக் கிடைக்காது. மகேந்திர பெரேராவின் சார்ஜன்ட் பண்டாரவைக் கவனியுங்கள்: சிங்களத்தில் ஓர் ஆள், ஆங்கிலத்தில் இன்னோர் ஆள். சமீபத்தில் பார்த்தவற்றில் நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

எங்கட வாப்பா பல வருசம் சவூதியில் வேலை செய்தவர். ஆடுஜீவிதம் அவருக்குப் போட்டுக் காட்டலாமா?
– வாசகி, காத்தான்குடி

தங்கச்சி, முதலில் கதையைச் சொல்லிவிட்டு அவரிடமே கேளுங்கள். எதிர்பாராமல் காட்டுவதற்கான படமில்லை இது. கேரளத்து ஆற்றில் மணல் அள்ளிப் பிழைத்த ஒருவன், பாலைவனத்து ஆட்டுத் தொழுவத்தில் அடிமையாகி, குடிக்கும் தண்ணீருக்கே தவிப்பதுதான் கதை. அரபு விளங்காமல் அவன் விழிக்கும் முதல் நாள் காட்சிகள், அங்கே போய் இறங்கியவர்களுக்குப் பழைய நாட்களைக் கிளறிவிடும். படம் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட. மஃரிபுக்குப் பிறகு ஒரு நாள் பாதி, மறுநாள் மீதி என்று பாருங்கள். தப்பியோடும் பகுதி தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் சரி. எங்கள் கணிப்பில் அந்த நடை தேவைக்கு மேல் நீள்கிறது, இசையும் கூடுதலாக அழுத்துகிறது. பிருத்விராஜின் உடம்பு உருகுவதைப் பற்றியே எல்லாரும் எழுதினார்கள். அவர் குரல் மெல்ல மெல்ல ஆட்டின் குரல் மாதிரியே போவதுதான் பெரிய நடிப்பு.

ஃப்ளோ என்ற கார்ட்டூன் ஆறு வயதுப் பிள்ளை பார்க்கலாமா?
– வாசகர், சம்மாந்துறை

பார்க்கலாம். வசனமே இல்லை, ஒன்றரை மணிக்கும் குறைவு. ஆனால் படம் முழுக்க வெள்ளம். பூனை தண்ணீருக்குள் அமிழும் இடங்கள் உண்டு. வெள்ளத்தில் வீடு விட்டு ஓடிய பிள்ளையென்றால் நீங்கள் முதலில் தனியே பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2025இல் ஒஸ்கார் வென்ற இந்தப் படம் முழுவதையும் 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் செய்தார்கள் என்பதை மூத்த பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 13 பாலு மகேந்திரா நினைவு நாளுக்கு வாசிகசாலை முற்றத்தில் 'வீடு' திரையிட யோசிக்கிறோம். நூறு பேர் வரலாம். என்னென்ன வேண்டும்?
– வாசிகசாலை ஒன்றின் இளைஞர்கள், திருக்கோவில்

அமிர்தகழியில் 1939இல் பிறந்த மனிதருக்கு நம்மட மண்ணில் செய்யக்கூடிய நல்ல மரியாதை. முதலில் படத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள்.

நூறு பேருக்குத் திரை 12 அடி அகலம், 6 அடி 9 அங்குலம் உயரம். கீழ் ஓரம் நிலத்திலிருந்து 4 அடி மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் படத்துக்குள் நிற்கும். வெள்ளைத் துணி ஒற்றையாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவிப் போய்ப் படம் மங்கும். பின்னால் கறுப்புத் துணி ஒன்று சேர்த்துத் தையுங்கள். கடற்காற்றுக்கு மேலே மட்டும் கட்டினால் போதாது, நாலு பக்கமும் அடிக்கொரு கண் போட்டு இழுத்துக் கட்டுங்கள். சாதாரண ப்ரொஜெக்டருக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும், அதாவது 18 அடி. வாடகைக்கு எடுக்க முன் அந்த மொடலின் அளவைக் கேளுங்கள். முழு இருட்டில் 3,000 லூமென் (ப்ரொஜெக்டர் வெளிச்சத்தின் அளவு) போதும். பெப்ரவரி நடுவில் ஆறேகாலுக்குப் பொழுது படும். ஏழுக்கு முன் தொடங்க வேண்டாம். ப்ரொஜெக்டரை நிலத்தில் வைத்து 'கீஸ்டோன்' (கோணலான படத்தை நேராக்கும் வசதி) போட்டுச் சரிக்கட்டினால் கூர்மை போகும். மேசையில், திரையின் கீழ் ஓர மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

ஸ்பீக்கர் இரண்டும் திரைக்குப் பக்கத்தில், இருப்பவர்களின் தலைக்கு மேலே நிற்கட்டும். லப்டொப்பை ப்ரொஜெக்டருக்குக் கிட்ட வைத்து ஒலிக் கம்பியை நீட்டுங்கள், எச்.டி.எம்.ஐ. கேபிள் நீளம் கூடினால் படம் விட்டு விட்டு வரும். 'ம்ம்' என்று இரைந்தால் லப்டொப்பையும் அம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக்கிலிருந்து எடுங்கள். சோதனைக்குப் பாட்டுப் போடாதீர்கள், இரண்டு பேர் மெல்லக் கதைக்கும் காட்சியைப் போட்டுக் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். லப்டொப் தூங்காதபடியும் அப்டேட் ஆகாதபடியும் மாற்றி வையுங்கள்.

1988இல் வந்த இந்தப் படத்தில் பாடல் இல்லை. இளையராஜாவின் தனி இசைத்தொகுப்பிலிருந்துதான் பின்னணி எடுத்திருக்கிறார்கள். அர்ச்சனாவின் சுதா கட்டும் வீட்டில் சீமெந்து களவு போவதும், கொந்தராத்துக்காரர் ஏமாற்றுவதும் இங்கே வீடு கட்டிய எவருக்கும் புதிதல்ல. பாட்டாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பூசாத சுவரைத் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கும் காட்சி வெளிச்சத்தாலேயே எழுதியது. அந்த நேரத்தில் முற்றத்தில் ஒரு பல்ப்கூட எரியக் கூடாது. தேநீர் மேசை விளக்கையும் அணையுங்கள்.

படம் முடிந்ததும் ப்ரொஜெக்டரின் ஃபேன் நிற்கும் வரை வயரைக் கழற்ற விடாதீர்கள். லாம்ப் வகையென்றால் சூட்டோடு கரண்டை நிறுத்துவதில்தான் ஆயுள் போகிறது.