விளக்கின் அன்னத்தை ஸ்கேன் செய்யலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஜோடிக் குத்துவிளக்கு, பாட்டி காலத்துப் பித்தளை. ஒன்றின் உச்சியிலிருந்த அன்னம் தொலைந்துவிட்டது. மற்றொன்றைக் கையடக்க லேசர் ஸ்கேனரில் எடுத்து அதே மாதிரி செய்ய முடியுமா? – வாசகி, செங்கோட்டை

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஆனால் ஸ்கேனுக்கு முன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் துடைத்தால் போதும். ஏனென்றால் ஸ்கேனர் ஒரு லேசர் கோட்டைப் பொருள்மேல் விழவைத்து, அது மேடு பள்ளத்தில் எப்படி வளைகிறது என்று பக்கத்துக் கேமராவால் பார்த்துத்தான் ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கணக்கிடுகிறது. பித்தளை மின்னினால் ஒளி எங்கோ தெறித்து அந்தக் கோடே குழம்பிவிடும். அப்படியும் மின்னினால், தானாக ஆவியாகிவிடும் வெள்ளை ஸ்ப்ரே இருக்கிறது, அதை அடிக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் சின்ன வட்ட ஸ்டிக்கர்கள் ஒட்டுவார்கள், கை அசைந்தாலும் ஸ்கேனர் தன் இடத்தை அவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது, பயப்பட வேண்டாம்.

அலகுக்கு அடியிலும் இறகு இடுக்கிலும் லேசரும் கேமராவும் எட்டாமல் ஸ்கேன் உருவத்தில் ஓட்டை விழும், அந்த இடங்களைப் பல கோணத்தில் எடுக்கவேண்டும், இதில் மட்டும் விடாதீர்கள். அப்புறம், ஸ்கேனை வைத்து முதலில் அன்னத்தை மெழுகில் எடுத்து, அதைக்கொண்டுதான் பித்தளையில் வார்ப்பார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் அந்த மெழுகு உருவைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் எடுக்கவேண்டும். எவ்வளவு என்பதை வார்ப்பவரிடமே கேளுங்கள். அன்னத்தை விளக்கில் பொருத்தும் திருகு மரையை மட்டும் அவர் கையால் போடட்டும்.